பூட்டனார் பதக்கமும் குடும்ப வரலாறும்



ஒவ்வொரு குடும்பத்திற்கும் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை உண்டு. எம் குடும்பத்திற்கு வாய்த்தது, என் பாட்டனாரைப் பெற்ற பூட்டனார் முதல் உலகப் பெரும்போரில் சுபேதாராக இருந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பது. கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்திற்கும் இடைப்பட்ட எம் ஊரில் எம் இல்லத்தைப் 'பட்டாளத்தார் வீடு' என்றே இன்றும் வழங்குவர். திருமண அழைப்பிதழ்களில் அவர் பெயருக்கு முன் 'சுபேதார்' என்று அச்சிடுதல் மூன்று தலைமுறையாக வழக்கம். நம் சங்கத்தின் குடும்ப விவர ஏட்டிற்கு என் தந்தையார் எழுதிக் கொடுத்ததும் அங்ஙனமே.

அவ்வெழுத்தைத் திருத்தும் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். யான் பள்ளியில் தமிழ் பயிற்றுவிப்பவன். வரலாற்றாராய்ச்சி என் தொழிலன்று. ஆயினும், சுவடியில் பாடவேறுபாடு காணின் மூலபாடத்தைத் தேடுதல் தமிழ் கற்றார்க்கு இயல்பு. எம் குடும்பக் கதையிலும் ஒரு பாடவேறுபாடு இருந்தது. அதனைத் தேடிப் புறப்பட்ட வழியில் யான் கண்டனவற்றை, தத்தம் முன்னோர் படைத்தொண்டினை அறிய விரும்பும் நம்மவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

வாய்மொழி

என் பாட்டனாரும் அவருடன் பிறந்தாரும் சொல்லிவந்த கதை இது. பூட்டனார் இளம்பருவத்தில் வீட்டில் சொல்லாமற் புறப்பட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார்; பம்பாயிற் கப்பலேறிப் பசரா நகரை அடைந்தார்; துப்பாக்கி ஏந்தித் துருக்கரோடு பொருதார்; வெற்றியுடன் மீண்டு சுபேதார் ஆனார்.

என் தந்தையாரின் தாயார், எம் வட்டார வழக்கில் ஆயா, சொல்லிய கதை வேறு. அவர் மருமகளாக எம் வீட்டிற்கு வந்த காலத்திற் பூட்டனார் உயிரோடிருந்தார். மாலையில் திண்ணையில் அமர்ந்து அவர் கூறுவனவற்றை, நூல் இழைத்துக்கொண்டே ஆயா கேட்டிருந்தார். "மாமனார் கப்பலிலிருந்து மூட்டை இறக்கினாராம், தண்டவாளம் போட மண் சுமந்தாராம், அந்தச் சேறு காலில் ஒட்டினால் விடாதாம், குளிர்காலத்தில் விரல் மரத்துப் போகுமாம், எங்கே பார்த்தாலும் பேரீச்ச மரமாம்," என்பார். துப்பாக்கி அவர் கதையில் வந்ததேயில்லை. ஆண்மக்கள் அருகிருந்தால், "பட்டாளத்துச் சங்கதி உனக்கென்ன தெரியும்?" என்று அவரை வாயடக்கிவிடுவர்.

ஆயா சொல்லியவற்றுள் இன்னொரு செய்தியும் உண்டு. பூட்டனாரோடு பக்கத்தூர்க் கூட்டாளி ஒருவரும் சென்றார். அவர் அங்கே காய்ச்சலில் இறந்துபோனார். மீண்டு வந்த பூட்டனார் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று தம் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்த பின்னர், அந்நண்பர்க்கும் ஒரு கை இறைப்பார் என்பது அது. அந்நண்பரின் பெயர் ஆயாவுக்கு நினைவில்லை.

இவ்விரண்டு பாடங்களுள் எது மூலம்? ஆயா மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே இவ்வினா என்னுள் எழுந்தது. அவர் இருந்தபோது கேட்டிருப்பின் எத்துணையோ அறிந்திருக்கலாம்.

பதக்கம்

எம் வீட்டுப் பூசைப் பெட்டியில் அப்பதக்கம் இன்றும் உள்ளது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை. மறு பக்கம் குதிரைமேல் ஆடையின்றி அமர்ந்த ஒரு வீரன், குதிரையின் காலடியில் ஒரு கேடயமும் மண்டையோடும், ஓரங்களில் 1914, 1918 என்னும் ஆண்டுகள். குதிரைவீரனைக் கண்டு ஐயனாரென்றே கருதி எம் வீட்டுப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாகச் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்தனர். அச்சந்தனப் பூச்சுக்குள் அது கறுத்துக் கிடந்தது. வெள்ளி பழமையாற் கறுத்ததென்று எல்லாரும் நம்பினர்.

எமக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் அதனைக் கையில் எடுத்த அளவிலேயே, "இது வெள்ளி அன்று ஐயா, வெண்கலம்," என்றார். பஞ்சத்தில் வெள்ளியை விற்று இதனை மாற்றியிருப்பர் என்று என் பெரியப்பா சமாதானம் கூறினார். உண்மை அதுவன்று. பிரித்தானியப் போர்ப் பதக்கம் என்னும் இது ஏறத்தாழ 65 இலட்சம் பேர்க்கு வழங்கப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வெள்ளியாலானவை. ஏறத்தாழ 1,10,000 மட்டும் வெண்கலத்தால் வார்க்கப்பட்டன. படைக்கலம் ஏந்தியவர்க்கு வெள்ளி. மூட்டை சுமந்தும், வழி சமைத்தும், இருப்புப்பாதை இட்டும் உழைத்த தொழிலாளர் படையினர்க்கு வெண்கலம். இந்தியர், சீனர், மால்ட்டாத் தீவினர் எனப் பல நாட்டுத் தொழிலாளர்க்கு இவ்வெண்கலப் பதக்கமே கிடைத்தது. உருவமும் அளவும் ஒன்றே. உலோகம் மட்டும் வேறு.

இப்பதக்கங்களின் விளிம்பிற் பெற்றவரின் விவரம் பொறித்திருக்கும் என்று அறிந்து, மெல்லிய துணியால் துடைத்து உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினேன். ஓர் எண், வேலையாள் என்னும் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல், எம் பூட்டனார் பெயரின் சிதைந்த ஆங்கில வடிவம், தொழிலாளர் படை என்பதன் சுருக்கம். இவ்வளவே. சுபேதார் என்னும் சொல் அங்கே இல்லை.

இருத்தலும் இயலாது. சிப்பாயாகச் சேர்ந்த ஒருவன் நாயக், அவில்தார், ஜமேதார் என்னும் படிகளைக் கடந்து பல்லாண்டுகட்குப் பின்னரே சுபேதார் ஆதல் கூடும். எம் பூட்டனார் வெளிநாட்டில் இருந்ததோ இரண்டே ஆண்டு. இச்சிறு கணக்கைக்கூட எம் வீட்டில் எவரும் போட்டுப் பார்த்ததில்லை.

பத்திரங்கள்

பதக்கத்தின் பெயர் எம்மவருடையதுதானா, பிறருடையதா என்னும் ஐயம் நீங்கப் பிறிதொரு சான்று வேண்டியிருந்தது. வீட்டுப் பத்திரங்களைப் புரட்டினேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலும் பெற்றேன். 1921ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் புன்செய் நிலம் பூட்டனார் பெயரில் வாங்கப்பட்டுள்ளது. அதில் அவர் தந்தையார் பெயர், ஊர், 'ஜாதி கைக்கோளர், ஜீவனம் நெசவு' என்பன உள. போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் மறைந்தபின் 1957ஆம் ஆண்டில் மக்கள் செய்துகொண்ட பாகப் பிரிவினைப் பத்திரத்திலோ, அதே நிலம் 'நம் தகப்பனார் பசராச் சண்டையில் வேலை பார்த்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சுயார்ஜிதம்' என்று எழுதப்பட்டுள்ளது. பிதுரார்ஜிதமா சுயார்ஜிதமா என்பது பாகத்திற்கு இன்றியமையாததாதலின், பத்திர எழுத்தர் இதனைக் குறித்துவைத்தார். 'வேலை பார்த்து' என்னும் சொற்களை நோக்குக. பதிவாளர் முன்னிலையில் மக்கள் உண்மையையே எழுதினர். அழைப்பிதழில்தான் சுபேதார் ஆக்கினர்.

இதனால் ஒன்று விளங்கும். எந்த ஆவணமும் தன்னை எழுதுவித்தவர்க்கு வேண்டியதை மட்டுமே சொல்லும். பத்திரம் குலத்தைக் கூறிற்று, போரைக் கூறவில்லை. பதக்கம் போரைக் கூறிற்று, குலத்தையும் ஊரையும் கூறவில்லை. இரண்டையும் இணைப்பது ஆயாவின் வாய்மொழி. ஆதலின் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு முடிவு கட்டலாகாது.

நெசவாளர் கடல் கடந்த காரணம்

தறியில் அமர்ந்தவர் ஏன் பசராவுக்குச் சென்றார்? 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின்மேற் குண்டு வீசியது. அச்சம் ஒருபுறமிருக்க, நெசவாளரை வாட்டியது நூல்விலை. கடல்வழி வாணிகம் இடர்ப்பட்டமையால் சீமை நூல் வரவு குறைந்தது. நூலும் சாயமும் விலையேறின. கூலிக்கு நெய்தவர் தறி நின்றது. தானிய விலையும் உயர்ந்து, 1918 செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பிற இடங்களிலும் கடைகள் சூறையாடப்படும் அளவிற்கு முற்றியது. அவ்வாண்டே பரவிய விஷக்காய்ச்சலால் இந்நாட்டில் இறந்தோர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் என்பர்.

மெசபொத்தேமியாவிலோ ஆள் வேண்டியிருந்தது. இன்றைய ஈராக்கு நாட்டிற் கூத் என்னும் ஊரில் முற்றுகையிடப்பட்ட ஆங்கில இந்தியப் படை 1916 ஏப்ரல் 29ஆம் நாள் துருக்கரிடம் சரணடைந்தது. உணவும் மருந்தும் படைக்குச் சென்று சேர வழியில்லாமையே அத்தோல்விக்குப் பெருங்காரணம். அதன்பின் பசராத் துறைமுகத்தைத் திருத்தவும், இருப்புப்பாதை இடவும், ஆற்றுப் படகுகளில் பொருள் ஏற்றி இறக்கவும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் திரட்டப்பட்டனர். 1917 மார்ச்சு 11ஆம் நாள் பாகுதாது வீழ்ந்ததற்கு வீரர் துப்பாக்கியோடு, இத்தொழிலாளர் சுமந்த மூட்டையும் காரணம் என்றல் மிகையாகாது.

போர்க்காலத்திலும் அதனையொட்டியும், 1919 முடிய, இந்தியாவிற் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 14,40,000 பேர். அவருள் ஏறத்தாழ 5,63,000 பேர் படைக்கலம் ஏந்தாதவர். போர் ஓய்வுவரை சென்னை மாகாணம் தந்த ஏறத்தாழ 92,000 பேருள் 41,000 பேர் அத்தகையோர். எனவே, நம் பக்கத்துப் 'பட்டாளத்தார்' வீடுகளிற் பாதிக்குச் சற்றுக் குறைந்தவை, எம் வீட்டைப் போன்றவையே ஆதல் வேண்டும். ராதிகா சிங்கா என்னும் வரலாற்றாசிரியர் 2020ஆம் ஆண்டில் இத்தொழிலாளரைப் பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டுள்ளார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர்க்கு அந்நூல் வாய்த்தது.

படை ஏடுகள்

இனி, படை அலுவலகங்களில் தேடிய கதை. ஆவணக் காப்பிடம் ஒன்றிற்கு எழுதினேன். நினைவூட்டி மீண்டும் எழுதினேன். அத்தகைய தனியாள் ஏடு தம்மிடம் இல்லையென்று ஈற்றில் ஒரு வரி மறுமொழி வந்தது. முதலில் மனம் நொந்தேன். பின்னர்க் காரணம் விளங்கிற்று. சென்னைச் சுரங்கப் படையைப் போன்ற நிலைப்படைகள் 1780ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அறுபடாமல் வருவன; அவற்றிற்குப் பெங்களூரில் தலைமையிடம் உண்டு. தொழிலாளர் படையோ போருக்கென்றே திரட்டப்பட்டுப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. கலைந்த படைக்கு வாரிசில்லை. வாரிசில்லாத ஏட்டைப் பேணுவார் எவர்?

நம் மாவட்டத்தின் வரலாறும் தேடுவோரை மயக்கும். கள்ளக்குறிச்சி, போர்க்காலத்தில் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் ஒரு தாலுகா; 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புர மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது; 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் பழைய தாள்களைக் கள்ளக்குறிச்சி என்னும் பெயரில் தேடிப் பயனில்லை. தென்னார்க்காடு என்னும் பெயரில், கடலூர்த் தலைமையிடத்து ஆவணமாகத் தேடல் வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்திலும் அப்பெயரே துணையாகும். ஊர்க் கணக்குகளை வைத்திருந்த பரம்பரைக் கர்ணம் பதவி 1980ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டபோது சிதறிய கட்டுகளும் பல.

சமவெளியில் வாழும் நமக்கேனும் பத்திரம் உண்டு. மேற்கே கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூவர் ஜாகீர்கள் நெடுங்காலம் நிலவின. 1976ஆம் ஆண்டில்தான் அம்மலை அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது. மலையிலிருந்து வந்து என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன், "எங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை ஐயா, பாட்டுதான் இருக்கிறது," என்றான். அப்பாட்டை எழுதிக்கொண்டு வருக என்றேன். அவர்க்கு அதுவே பத்திரம்.

பெயரும் எண்ணும்

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருகத்து மலைக்கோட்டையைக் காணாதார் நம்முள் இலர். 1790ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் படை அதனைத் தாக்கியபோது காத்து நின்றவர் பிளிண்டு என்னும் கேப்டன். அவர் முன்னர் வந்தவாசிக் கோட்டையையும் ஐதரிடமிருந்து காத்தவர். அவர் பெயர் வரலாற்று நூல்களில் உள்ளது. அவரோடு மதில்மேல் நின்ற நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயரோ அந்நூல்களில் இல்லை.

முதற் பெரும்போர்க்குப் பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் அரசினர் கல் பதித்தனர். இவ்வூரிலிருந்து இத்துணைப் பேர் போருக்குச் சென்றனர், இத்துணைப் பேர் உயிர் நீத்தனர் என்று அவை கூறும். எண் உண்டு, பெயர் இல்லை. மெசபொத்தேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கு மேற்பட்டோர்க்குப் பசராவில் 1929ஆம் ஆண்டில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் அது பெயர்த்தெடுக்கப்பட்டு நாசிரியா செல்லும் சாலையில் அமைக்கப்பட்டது. அதன் சுவர்களில் ஆங்கில வீரர் ஒவ்வொருவர் பெயரும் பொறிக்கப்பட்டது. இந்தியருள் அதிகாரிகள் பெயர் மட்டும் பொறித்து, ஏனையோரைப் படைப்பிரிவுதோறும் தொகை எண்ணால் சுட்டினர்.

இந்த வேற்றுமையை, நினைவுச்சின்னங்களைப் பேணும் காமன்வெல்த்துப் போர்க்கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு வருத்தமும் தெரிவித்தது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பாலராக 45,000 முதல் 54,000 பேர் வரை ஏனையோரினும் குறைந்த முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது.

இதனைப் படித்தபோது எனக்கு எடத்தனூர் நினைவு வந்தது. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதி. அவற்றுள் எடத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வரைத் தடுத்த அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியுள்ளனர். தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என வகுத்தோதிய மரபு அது. 1,400 ஆண்டுகட்கு முன் நம் நாட்டில் நாய்க்கும் கிடைத்த பெயர், நூறாண்டுகட்கு முன் பசராவில் மனிதர்க்குக் கிடைக்கவில்லை.

பிறரை நோவது எளிது. பூட்டனாரோடு சென்று மீளாத அந்தப் பக்கத்தூர் நண்பரின் பெயரை ஆங்கிலேயர் கல்லில் வெட்டவில்லை. நாம் மட்டும் நெஞ்சில் வைத்திருந்தோமா? சுபேதார் என்னும் பொய்ப்பட்டத்தை மூன்று தலைமுறை காத்த எம் குடும்பம், அம்மெய்ப்பெயரைக் காக்கத் தவறிற்று. அது எம் குற்றமே.

குலப்பெருமையும் கூலியும்

நம் குலத்தார் கூட்டங்களிற் சோழர் படைப் பெருமை பேசாத மேடையில்லை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'தெரிந்த கைக்கோளர்' என்னும் படைகள், அரசர் பட்டப்பெயர்களைத் தாங்கி விளங்கின என்பது உண்மை. ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் ஈட்டியெழுபதையும் நாம் அறிவோம். கைக்கோளர் என்பதற்கு வலிய கையுடையார் என்றே பொருள்கொண்டு, அப்படையினர் யாவரும் நெசவு மரபினரே என்று துணிதல் கூடாதென்பாரும் உளர். அவ்வாராய்ச்சி தொடர்ந்து நடப்பதாக. ஆயின், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட படையின் பெயரை அறிந்த யாம், நூறாண்டுக்கு முன் எம் வீட்டிலிருந்து சென்றவர் என்ன பணி செய்தார் என்பதை அறியாதிருந்தோம்.

ஆங்கிலேயர் நம்மை எங்ஙனம் மதித்தனர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராக இருந்து, பின்னர் இந்தியப் பெரும்படைத் தலைவரான ராபர்ட்சு பிரபு, தென்னாட்டார் போருக்கு உதவார் என்னும் கருத்துடையவர். சில குலத்தாரே வீரக்குலத்தார் என்னும் கொள்கை அவர் காலத்தில் வலுப்பெற்றது; சென்னைக் காலாட்படைகள் பல குறைக்கப்பட்டன. அக்கொள்கையின்படி, தறியில் இருந்தவர் துப்பாக்கிக்கு உரியவரல்லர். மண்வெட்டிக்கும் மூட்டைக்கும் உரியவர். இன்று நாம் சுபேதார் என்று பொய்ப்பட்டம் சூட்டுவோமாயின், துப்பாக்கியே உயர்வு, மண்வெட்டி இழிவு என்னும் அக்கொள்கையையே நாமும் ஒப்புக்கொண்டவராவோம்.

பதக்கத்தின் செய்தியை முதலிற் பெரியப்பாவிடம் கூறினேன். எண்பதை அணுகிய அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நம்ம தாத்தாவைக் கூலி என்று சங்கத்துப் புத்தகத்தில் எழுதப் போகிறாயா? பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று கேட்டார்.

அவர் வருத்தம் எனக்கு விளங்காமலில்லை. கூலி என்னும் சொல்லைப் பிறர் வசையாக்கிவிட்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல்லுக்குக் குசராத்துக் கோலியர் பெயரே மூலம் என்பாரும், தமிழ்க் கூலியே மூலம் என்பாரும் உளர். மலேயா, இலங்கை, பீசித் தீவு, தென்னாப்பிரிக்கா எங்கணும் அச்சொல்லால் நம்மவர் இழிவுபடுத்தப்பட்டனர். ஆயின் நம் மொழியில் அச்சொல் இழிந்ததன்று. ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், உடலுழைப்பு ஒருவனுக்குத் தவறாது தரும் பயனைக் குறிக்க வள்ளுவர் தேர்ந்தெடுத்த சொல் அதுவே. தெய்வத்தால் இயலாதவிடத்தும் உழைப்பு கைவிடாது என்னும் உயர்ந்த கருத்தை அச்சொல்லின்மேல் ஏற்றி வைத்தார் அவர்.

இதனைப் பெரியப்பாவிடம் விளக்கி, 1957ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகலையும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து சென்று பூசைப் பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்து வந்தார். "தாத்தா மடியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் தோளைத் தொட்டுப் பார்ப்பேன்; இரண்டு தோளும் காய்த்துக் கிடக்கும். தறி நெய்கிறவருக்குத் தோள் ஏன் காய்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "எழுது. அந்த ஒன்றரை ஏக்கரையும் சேர்த்து எழுது," என்றார்.

அவர் இசைவு பெற்றே எழுதுகின்றேன். அந்நிலத்தின் விளைவிலேதான் என் பாட்டனார் பள்ளி சென்றார். அவர் மக்கள் கல்வி பெற்றனர். யானும் இன்று தமிழ் கற்பித்து உண்கின்றேன்.

நம்மவர் செய்யத்தக்கன

முன்னோர் படைத்தொண்டினை அறிய விரும்புவோர்க்கு, யான் பட்டறிந்தவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, வீட்டில் உள்ள மூத்தோரை, சிறப்பாகப் பெண்டிரை, இன்றே கேட்டு எழுதிக்கொள்க. அவர் சொல்லும்போது திருத்தற்க. பதவியைக் கேளாமல், என்ன உண்டார், என்ன சுமந்தார், எந்த ஊரைக் கண்டார், உடன் சென்றவர் யார் என்று கேட்க. பெருமைக்காக மாற்றப்படாதவை அச்சிறு செய்திகளே.

இரண்டாவது, பதக்கம் இருப்பின் புளியிட்டுத் துலக்கற்க, விளிம்பெழுத்துத் தேய்ந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து, எண், பதவி, பெயர், படை என்னும் நான்கினையும் உள்ளவாறே எழுதிக்கொள்க. ஆங்கிலேயர் எழுதிய நம் பெயர்கள் சிதைந்திருக்கும். உரக்கப் படித்துக் காதாற் கேட்பின் விளங்கும்.

மூன்றாவது, எப்படை என்பது தெரிந்தபின் தேடுக. சுரங்கப் படையினர்க்குப் பெங்களூர். சென்னைப் படைவகுப்பினர்க்கு நீலகிரி வெல்லிங்டன். ஒன்று மறவற்க: முதற்போரிற் பொருத பழைய கருநாடகக் காலாட்படைகள் 1920களிற் கலைக்கப்பட்டன, இரண்டாம் போரின்போது சென்னைப் படைவகுப்பு மீண்டும் எழுப்பப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கருதித் தேடுவோர் வழிதவறுவர்.

நான்காவது, போரில் இறந்தவராயின் காமன்வெல்த்துப் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பொருட்செலவின்றிப் பார்க்கலாம். முதற்போரில் இந்நாட்டிலேயே இறந்து, கல்லறை பேண இயலாதுபோன ஆயிரத்திற்கு மேற்பட்டோர்க்குச் சென்னை நந்தம்பாக்கத்தில் நினைவுச்சின்னம் உண்டு. இரண்டாம் போரில் பர்மாவில் இறந்தோர்க்கு இரங்கூன் அருகே டௌக்கியனிலும், மலேயாவில் இறந்தோர்க்குச் சிங்கப்பூர்க் கிராஞ்சியிலும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஐந்தாவது, கிரயம், அடமானம், பாகப் பிரிவினை முதலிய பத்திரங்களை முழுதும் படிக்க. எல்லையும் அளவும் மட்டும் நோக்கி மூடிவிடற்க. சொத்து வந்த வழியைக் கூறும் பகுதியில் குடும்ப வரலாறு மறைந்து கிடக்கும்.

ஆறாவது, கண்டது குடும்பக் கதைக்கு மாறாயினும் மறையாது எழுதுக. இதுவே யாவற்றினும் அரிது.

முடிவுரை

நம் சங்க ஏட்டில் எம் பூட்டனார் பெயருக்கு எதிரே உள்ள 'சுபேதார்' என்னும் சொல்லை நீக்கி, 'மெசபொத்தேமியாத் தொழிலாளர் படையில் உழைத்தவர், 1917 முதல் 1919 வரை' என்று எழுதுமாறு செயலாளர்க்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளேன். எம் வீட்டு அடுத்த திருமண அழைப்பிதழிலும் அங்ஙனமே அச்சாகும். ஊரார் 'பட்டாளத்தார் வீடு' என்று அழைப்பதை மாற்ற வேண்டுவதில்லை. துப்பாக்கி ஏந்தாதோரும் பட்டாளத்தாரே.

ஒரு வேண்டுகோள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கங்களில், முதற் பெரும்போர்க் காலத்திற் பசராவுக்குச் சென்று மீளாத ஒருவரைப் பற்றிய கதை, நம் குலத்தாராயினும் பிற குலத்தாராயினும், எந்த வீட்டிலேனும் வழங்குமாயின், அருள்கூர்ந்து இவ்விதழ் வாயிலாக எனக்கு எழுதுக. எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்று அந்நண்பர்க்கென ஒரு கை நீர் இறைக்கும் வழக்கம் பூட்டனாரோடு நின்றுபோயிற்று. இவ்வாண்டு முதல் பெரியப்பா அதனை மீண்டும் தொடங்கியுள்ளார். இறைக்கும்போது சொல்லுதற்கு ஒரு பெயர் வேண்டும்.